கார்ப்பெட்டில் என்ன கோளாறு? பாட்டிலைத் திறப்பதற்கு முன் இழையைப் பாருங்கள்

நான் கெடுத்த கார்ப்பெட்டில் கொட்டியது காபியும் இல்லை, சாம்பாரும் இல்லை, ஒரு டம்ளர் வெறும் தண்ணீர். ஒரு கண்காட்சியில் 12,000 ரூபாய்க்கு, "சில்க் சார், கையை வெச்சுப் பாருங்க" என்று சொல்லிக் கொடுத்தது. பையன் தண்ணீரைத் தட்டிவிட்டான், காய்ந்ததும் அந்த இடம் மட்டும் மொரமொரவென்று ஒட்டிக்கொண்டு நின்றது, கறை என்று நினைத்து ஷாம்பூ போட்டுத் தேய்த்தேன், அதோடு முடிந்தது கதை. பிறகு ஓரத்தில் ஒரு இழையைக் கிள்ளி எரித்துப் பார்த்தால் காகிதம் எரிகிற வாசனை. பட்டு எரிந்தால் முடி கருகுகிற நாற்றம்தான் வரும். என் வீட்டில் கிடந்தது பட்டு இல்லை, விஸ்கோஸ், மரக்கூழிலிருந்து எடுத்துப் பட்டு மாதிரி மினுங்கவைக்கிற இழை.

அதிலிருந்து அக்கம்பக்கத்தில் யார் கார்ப்பெட் பிரச்சினை என்று வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி "என்ன கறை" இல்லை, "என்ன இழை". நான் பார்த்த வரையில் கறையால் கெட்டுப்போன கார்ப்பெட்டைவிட, கறையை எடுக்கப்போய்க் கெட்டதுதான் அதிகம்.

முதலில் இழையைக் கண்டுபிடியுங்கள் (ஐந்து நிமிஷ வேலை)

ஓரத்திலோ அடியிலோ இரண்டு மூன்று இழைகளைக் கிள்ளி எடுத்து, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்துக்கொண்டு தீக்குச்சி காட்டுங்கள். கம்பளி என்றால் தீயைவிட்டுச் சுருங்கி ஓடும், குச்சியை எடுத்ததும் தானே அணைந்துவிடும், முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பட்டும் ஏறக்குறைய இதே மாதிரிதான். பருத்தி, சணல், விஸ்கோஸ் மூன்றும் சட்டென்று பற்றி, காகித வாசனையோடு எரிந்து, மெல்லிய சாம்பலாகும். உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் அது செயற்கை இழை: நைலான், பாலியஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன். உருகும்போது விரலால் தொட்டுவிடாதீர்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

செயற்கையில் எது என்று பிரிக்க ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். ஒரு சொட்டு சோப்பு விட்டு, இழையைக் காற்றுக்குமிழி இல்லாமல் நன்றாக அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன், ஏனென்றால் அது தண்ணீரைவிட இலேசு. மூழ்கினால் மற்ற இரண்டில் ஒன்று. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற பெரிய கார்ப்பெட்களில் நிறைய மிதக்கிற ஜாதிதான், அதில் ஒன்றும் கேவலமில்லை, துவைப்பதற்கு அதைவிடச் சுலபமானது கிடையாது.

அப்புறம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்பக்கத்து டிசைன் பின்பக்கமும் முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தெரிந்தால் கையால் முடிச்சுப் போட்டது, காஷ்மீர்க் கம்பளங்கள் இப்படித்தான் இருக்கும். பின்னால் கேன்வாஸ் மாதிரித் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட், அதாவது துணியில் நூலைக் குத்திவிட்டு லேடக்ஸ் பசை பூசி மூடியது. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பக்கம் இரண்டு வகையும் செய்கிறார்கள், அதனால் "பதோஹி கார்ப்பெட்" என்று சொல்லிவிட்டால் போதாது, திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். டஃப்டட் வகைக்குள் தண்ணீர் போனால் பசைக்கும் துணிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், சுலபத்தில் காயாது.

சரி, இனி கோளாறுகள்.

மஞ்சள் கறை, சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிட்டது

மாடி வீட்டு அக்கா போன வருஷம் பதறிப்போய்க் கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் வந்து பாரேன், குழம்புதான் கொட்டுச்சு, சோப்பு போட்டுத் தேச்சா ரத்தம் மாதிரி ஆயிடுச்சு."

"அக்கா, ஆரத்தி கரைக்கும்போது மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டா என்ன ஆகும்?"

ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சிரித்துவிட்டார். அதேதான் இங்கேயும். மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், துணி சோப்பும் சோப்புத்தூளும் காரம். கறை அதிகமாகவில்லை, நிறம்தான் மாறியிருக்கிறது. சோப்பை முதலில் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள், பிறகு ஒரு கப் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து ஒற்றினால் மறுபடி மஞ்சளாகிவிடும். இனிமேல் மஞ்சளோடு மட்டும்தான் சண்டை.

அதற்கு வேதிப்பொருளைவிட வெயில் நல்லது, குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். ஆனால் குழம்புக் கறையில் மஞ்சளை எண்ணெய் பிடித்துவைத்திருக்கும், முதலில் அது போக வேண்டும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டை ஒரு கப் தண்ணீரில் கலந்து, வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றுங்கள். பிறகு மொட்டை மாடியில் விரித்து, கறை மட்டும் தெரிகிற மாதிரி மற்ற இடத்தைப் பழைய வேட்டியால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கார்ப்பெட்டின் சாயமும் சேர்ந்து வெளுக்கும். அக்கா வீட்டில் மூன்று மதியம் ஆனது. முதல் நாள் சாயங்காலமே பாதி போய்விட்டிருந்தது.

நேற்றுப் போன கறை இன்று காலையில் அதே இடத்தில் நிற்கிறது

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். மறுநாளே, அதே வடிவத்தில் திரும்பினால், கறை அடி வரை இறங்கியிருந்தது, நீங்கள் மேலே மட்டும் எடுத்தீர்கள், காயும்போது ஈரம் மேலே ஏறி விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அடியில் இருந்ததை நுனிக்குக் கொண்டுவந்துவிட்டது. அப்படியென்றால் அந்த இடத்தை இலேசாக நனைத்து, வெள்ளைப் பருத்தித் துண்டை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் ஒரு பாலிதீன் தாளும் ஏதாவது கனமும் வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். நான் அம்மிக்குழவியை வைப்பேன். ஏறுகிற கறை துண்டில் போய் ஏறட்டும். காலையில் துண்டை எடுத்துப் பார்த்தால் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும்.

பத்து நாள் கழித்து, முன்பு சுத்தம் செய்த இடம் மட்டும் மற்றதைவிட அழுக்காகத் தெரிந்தால் அது சோப்பு மிச்சம். காய்ந்த சோப்பு பிசுபிசுப்பாக நின்று, நடக்கிற காலின் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு மறுபடி சோப்புப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு ஸ்பூன் வினிகர், வேறெதுவும் வேண்டாம், நுரை வருவது நிற்கிற வரை ஒற்றி எடுங்கள்.

கறையே இல்லாத இடத்தில் காய்ந்ததும் பழுப்பு வளையம்

தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள். அடியில் சணல் பின்னலோ பருத்தியோ இருந்தால் அதிலிருக்கிற பழுப்பு நிறச் சத்து கரைந்து மேலே வந்து நிற்கிறது. வினிகர் கலந்த தண்ணீரோ, ஒரு கப் தண்ணீரில் கால் ஸ்பூன் எலுமிச்சை உப்போ (சிட்ரிக் ஆசிட்) போட்டு இலேசாக ஒற்றிவிட்டு ஃபேனை நேராகத் திருப்பி வையுங்கள், வேகமாகக் காய வேண்டும், அதுதான் முக்கியம். வாசலில் போடுகிற கயிற்று மிதியடியும் நனைந்தால் பழுப்பாகச் சாயம் விடும், வெள்ளை மார்பிள் தரையில் ஈரத்தோடு போட்டுவிடாதீர்கள்.

முடி உதிர்கிறது

புது டஃப்டட் கம்பளி என்றால் பயப்பட வேண்டாம். வெட்டிய நூலில் பிடிமானம் இல்லாத குட்டை இழைகள் இருக்கும், சில மாதங்களுக்குக் கொட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் குறையும். சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு வெறும் உறிஞ்சலில் வேக்குவம் போடுங்கள், பிரஷ்ஷோடு ஓட்டினால் இருக்கிற முடியையும் பிடுங்கும்.

பழைய டஃப்டட், தூக்கினால் தரையில் வெள்ளையாக மணல் மாதிரிப் பொடி கொட்டுகிறது என்றால் விஷயம் வேறு. லேடக்ஸ் பசையும் அதோடு கலந்த சுண்ணாம்புத்தூளும் உலர்ந்து நொறுங்குகின்றன. எந்தச் சுத்தமும் இதைத் திருப்பாது, தண்ணீர் பட்டால் இன்னும் வேகமாகப் பிரியும். மேல்பக்கம் நன்றாக இருந்தால் புதுப் பசையும் துணியும் போட்டுத் தருகிறவரைத் தேடலாம், விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சோபாவுக்கு அடியில் மட்டும் வழுக்கை

பூச்சி. கம்பளி வண்டின் புழுவும் துணி அந்தின் புழுவும் கம்பளியிலும் பட்டிலும் இருக்கிற புரதத்தைத் தின்னும், அதுவும் இருட்டாக, யாரும் நகர்த்தாத இடமாகப் பார்த்து. பாலிபுரொப்பிலீனை அவை சீண்டாது. டார்ச் அடித்து அடிப்பக்கம் பாருங்கள், அரிசி மாதிரிக் கூடுகளோ, மயிர் முளைத்த குட்டிப் புழுக்களோ, உரித்துப் போட்ட சட்டைகளோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டு முதுகில் நன்றாக அடியுங்கள், பிறகு இரண்டு பக்கமும் வேக்குவம் போட்டு, அந்தக் குப்பையை உடனே கட்டி வெளியே எறிந்துவிடுங்கள். நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காட்டுங்கள். சின்ன விரிப்பு என்றால் பாலிதீனில் இறுக்கிக் கட்டிச் சில நாள் ஃபிரீசரில் வைக்கலாம், வீட்டில் திட்டு விழும், அது உங்கள் பாடு. பாச்சை உருண்டையை மூடிக் கட்டிவைக்கிற கார்ப்பெட்டுக்கு மட்டும் வையுங்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அதுவும் வேண்டாம், சில குழந்தைகளின் இரத்தத்தைப் பாதிக்கும். வேப்பிலை? நானும் வைக்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்பி இருப்பதில்லை.

சாயம் ஓடுகிறது

ஜமுக்காளம் வைத்திருக்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம். பவானி ஜமுக்காளம் முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக அழுத்தமான நிறங்களில் நெய்வது, 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியது, கல்யாண வீட்டில் நூறு பேர் உட்கார்ந்து எழுந்தாலும் கலங்காது. ஆனால் சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் வெளிர்ப் பட்டை இருந்தால் அதைத் துவைக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும்.

நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின்மேலும் ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் ஊறவைக்காதீர்கள், வெந்நீர் கூடாது, பச்சைத் தண்ணீரில் சட்டென்று அலசி நிழலில் போட வேண்டியதுதான். உப்புத் தண்ணீரில் முக்கினால் சாயம் நின்றுவிடும் என்று என் அம்மா உட்பட எல்லோரும் சொல்வார்கள். சாயம் ஏற்றும்போது தொட்டியில் உப்புப் போடுவது உண்மைதான், ஆனால் நெய்து முடித்துப் பல வருஷம் ஆன ஜமுக்காளத்தில் அது ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே ஓடிவிட்டதா? காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே நிறம் கலங்குவது நிற்கிற வரை ஓடுகிற தண்ணீரில் அலசுங்கள், காய்ந்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும். கம்பளியில் ஓடினால் வீட்டில் விளையாடாதீர்கள், துண்டால் ஈரத்தை எடுத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மழைக்காலத்தில் வாடை

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்போதும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் தரைத்தள வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இலேசாக ஆட்டு வாடை மட்டும் வந்தால் அது ஈரக் கம்பளியின் இயல்பு, காய்ந்தால் போய்விடும். திருப்பினால் கறுப்பாகவோ வெள்ளையாகவோ புள்ளிகள் இருந்து, மூக்கில் ஏறுகிற பூஞ்சை வாடை வந்தால் உடனே எடுங்கள். இரண்டு நாற்காலி முதுகுமேல் குறுக்கே போட்டு, அடியில் காற்று போகிற மாதிரி ஃபேனை வையுங்கள், காய்ந்த பிறகுதான் பிரஷ், அதுவும் பால்கனியில், ஈரத்தில் தேய்த்தால் பரவும். ரப்பர் அடிவிரிப்பு போட்டிருந்தால் மழை முடிகிற வரை அதை எடுத்துவிடுங்கள்.

வெள்ளம் புகுந்த வீடு வேறு கணக்கு. 2023 டிசம்பர் புயல் மழையில் எங்கள் தெருவுக்குள் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. பாலிபுரொப்பிலீன் விரிப்பை டியூப் வைத்து அடித்துக் கழுவி, பிளீச் கரைசல் ஊற்றி, மொட்டை மாடியில் காயவைத்து இன்றும் பயன்படுத்துகிறோம். டஃப்டட் கம்பளியைத் தூக்கிப் போட்டேன், வருத்தம்தான், ஆனால் நடுவில் சாக்கடை ஊறிய பசையை யாராலும் கழுவ முடியாது.

பிளீச் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பளி, பட்டு இரண்டின் பக்கமும் அதைக் கொண்டுபோகாதீர்கள். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கம்பளி நூலைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, பாத்ரூமுக்கு வாங்குகிற குளோரின் பிளீச்சைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் மூடி வைத்துப் பாருங்கள். நான் பார்த்தேன். முதலில் மஞ்சளாகி, இழையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் ஏறின, பிறகு வழவழவென்று ஆனது, மறுநாள் காலையில் கிண்ணத்தில் நூலே இல்லை. சாயம் போகவில்லை, நூலே கரைந்துவிட்டது. இன்னொன்று, பிளீச் பட்ட இடத்தில் வினிகர் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

குழந்தையோ நாயோ போன மூத்திர வாடை

உடனே பார்த்தால் துண்டைப் போட்டு மேலே ஏறி நில்லுங்கள், ஒற்றியே முக்கால்வாசி எடுத்துவிடலாம், பிறகு தண்ணீர், வினிகர். பழைய வாடைக்குக் கடையில் விற்கிற என்சைம் கிளீனர் நன்றாக வேலை செய்யும், ஆனால் செயற்கை இழைக்கு மட்டும். புரதத்தைத் தின்கிற என்சைமுக்குக் கறை எது, கம்பளி எது என்று தெரியாது, கம்பளியும் புரதம்தான். சோப்புத்தூள் பாக்கெட்டில் என்சைம் என்று போட்டிருந்தாலும் இதே கதை.

நடக்கிற வழி மட்டும் கறுத்து, படுத்துவிட்டது

பாலிபுரொப்பிலீன் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் காபி சுலபமாக வந்துவிடும், ஆனால் எண்ணெயைக் கண்டால் விடாது. சமையலறையிலிருந்து வருகிற காலடி எண்ணெய், தலையில் தேய்த்த எண்ணெய், எல்லாம் அதில்தான் ஏறும். சோளமாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டு வேக்குவம் போடுங்கள், பிறகு பாத்திர லிக்விட் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர். படுத்துப்போன முடி கம்பளியிலும் நைலானிலும் நீராவி காட்டினால் ஓரளவு எழும். மற்றதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கட்டில் கால் பள்ளத்தில் ஐஸ் கட்டி வைக்கிற வித்தையும் கம்பளியில் பலிக்கும்.

பீரோவை இழுத்த இடத்தில் பளபளவென்று கோடு விழுந்திருந்தால் அது அழுக்கு இல்லை, பாலிபுரொப்பிலீன் உரசல் சூட்டில் உருகிய தடம். 165 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடுகிற இழை. அதன்மேல் அயர்ன் பாக்ஸ் வைத்துச் சரிசெய்யப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும், கோடு இருந்த இடத்தில் இப்போது முக்கோணம் இருக்கிறது.

தண்ணீர் பட்ட இடம் மொரமொரவென்று நிற்கிறது

இது என் கேஸ். விஸ்கோஸ் ஈரமானால் ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும், அந்த நேரத்தில் தேய்த்தால் முடி முறுக்கிக்கொண்டு அப்படியே காய்ந்துவிடும். "ஆர்ட் சில்க்", "பாம்பூ சில்க்" என்று விற்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். தண்ணீர் கொட்டினால் துண்டால் ஒற்றுங்கள், தேய்க்கவே கூடாது, முக்கால்வாசி காய்ந்ததும் உள்ளங்கையால் முடி படுக்கிற திசையிலேயே நீவிவிடுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் வருடினால் கொஞ்சம் பிரியும். பழையபடி ஆகாது. மஞ்சளாகியும் போகலாம்.

என்னுடையதை இப்போது படுக்கையறையில் போட்டிருக்கிறேன், கெட்டுப்போன மூலை கட்டிலுக்கு அடியில். அந்த அறைக்குள் பையனுக்கு டம்ளரோடு அனுமதி இல்லை.